விரிசல் விட்ட புரவியை என்ன செய்வது?

சூளை பிரித்ததும் வேளார் வீடுகளில் முதலில் நடப்பது தட்டிப் பார்ப்பதுதான். சாம்பலைத் தள்ளிவிட்டு, புரவியின் கழுத்து, வயிறு, நான்கு கால் என்று ஒவ்வொரு இடமாக விரலை மடக்கித் தட்டுவார்கள். கணீரென்று கேட்டால் கை அடுத்த இடத்துக்குப் போய்விடும். ஒலி செத்து ‘தொப்’பென்று வந்தால் கை அங்கேயே நிற்கும். கண்ணுக்குத் தப்பிய விரிசலைக் காது பிடித்துவிடும். மானாமதுரையில் கடம் செய்பவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். அங்கே ஒலி செத்த கடம் கச்சேரிக்கு ஆகாது, ஒதுக்கிவிட வேண்டியதுதான். புரவியை அப்படிச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. பல வார உழைப்பு அதில் இருக்கிறது, ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடன் இருக்கிறது, திருவிழா நாளும் குறித்தாகிவிட்டது.

அந்தச் செத்த ஒலியைக் கேட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம். விரிசல் எந்தக் கட்டத்தில் பிறந்தது, அதை அடைக்கலாமா, மறுபடி சூளையில் ஏற்றலாமா, கோயிலுக்குக் கொடுக்கலாமா, உடைத்துத் தூளாக்க வேண்டுமா என்று வரிசையாகப் பார்ப்போம். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூளையில் கண்ணுக்குப் படும் விரிசல்களில் பெரும்பாலானவை நெருப்பு பட்டதால் வந்தவை அல்ல. உலர்த்தும்போதே வந்து, ஒளிந்திருந்து, தீயில் வாய் திறந்தவை. நெருப்பைத் திட்டிக்கொண்டிருந்தால் அடுத்த புரவியும் அதே இடத்தில்தான் பிளக்கும்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குப் போய்வாருங்கள். வரிசை வரிசையாக நிற்கும் சுடுமண் புரவிகளில் புதியவையும் உண்டு, கால் போனவையும் கழுத்து போனவையும் உண்டு. எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கால் வயிற்றோடு சேரும் இடம், கழுத்தின் அடி, வால் ஒட்டிய இடம். ஒரு பாகத்தை இன்னொன்றோடு சேர்த்த இடங்களே முதலில் விட்டுக்கொடுக்கும். கீரமங்கலம் பக்கத்துக் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், மாசி மகத்தில் காகித மாலைகளால் மூடப்படும் அந்தப் பெரிய குதிரை வேறு வகை. அது சுட்ட மண் அல்ல, கட்டுமானம். அதன் பிரம்மாண்டத்தை ரசிக்கலாம். சூளைப் பாடத்துக்கு அது உதவாது.

விரிசலைப் படிப்பது

விரிசலைக் கண்டதும் குழைத்த மண்ணையோ சிமெண்டையோ தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் அதைப் படியுங்கள். ஈரத்துணியால் சந்தேகமான இடத்தைத் துடைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். சுட்ட மண்ணின் மேற்பரப்பு மளமளவென்று நீரை இழுத்து வெளுத்துவிடும். விரிசல் ஓடிய தடம் மட்டும் கறுத்த மயிர்க்கோடாக நிற்கும், ஏனென்றால் அதற்குள் போன நீர் உடனே காயாது. அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கரித்துண்டால் குறித்துக்கொள்ளுங்கள். விரிசல் பிறந்த இடம் பெரும்பாலும் அகலமாகவும், ஓடி முடிந்த இடம் ஊசிமுனையாகவும் இருக்கும்.

ஒலி செத்திருந்தும் கோடு தெரியவில்லை என்றால் புரவி சரியாக வேகாமல் இருக்கலாம். உட்பக்கம் ஒரு சொட்டு நீர் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். சேறு கையில் ஒட்டினால் அது வேகாத மண். அது விரிசலைவிட நல்ல செய்தி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கோடு தெரிந்தால் அதன் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். ஓரம் மழுங்கி, மணல் மணலாக, உட்பக்கமும் வெளிப்பக்கத்தைப் போலவே சிவந்தோ புகை படிந்தோ இருந்தால், தீ மூட்டும் முன்பே அந்தப் பிளவு அங்கே இருந்திருக்கிறது. நெருப்பும் புகையும் அதற்குள் போய் வந்திருக்கின்றன. இது உலரும்போது வந்தது. விளிம்பில் தொடங்கி உள்ளே ஓடும். கனமான பாகமும் மெல்லிய பாகமும் சேரும் இடத்தில் வரும். கால்களின் அடியில் வரும்.

ஓரம் கத்தி வெட்டியதுபோலக் கூர்மையாக, இரண்டு பக்கமும் பொருத்தினால் இம்மி பிசகாமல் சேருகிற மாதிரி, கோடு ஒரே ஓட்டமாக வயிற்றைச் சுற்றிப் போயிருந்தால் அது ஆறும்போது வந்தது. இப்படிப்பட்ட விரிசல் சூளை பிரித்த அன்று தெரியாமல் இருந்து மறுநாள் ‘டிங்’ என்ற சத்தத்தோடு வந்து நிற்பதும் உண்டு. சூளையை அவசரப்பட்டுத் திறந்ததற்கு அது சாட்சி.

மூன்றாவது வகையைப் படிக்கவே தேவையில்லை. சூளை ஏற்றிய முதல் மணிநேரங்களில் ‘படார்’ என்று வெடிச்சத்தம் கேட்கும். பிரித்துப் பார்த்தால் வயிற்றிலோ காலிலோ ஒரு சில்லு பறந்து குழி விழுந்திருக்கும். உள்ளே தங்கியிருந்த நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் சுவரை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

சேர்மானம் விடுவது நான்காவது. கழுத்து மணி, சலங்கை, சேணத்தின் ஓரம், காது போன்ற தனியாகச் செய்து ஒட்டிய உறுப்புகள் ஒட்டிய கோட்டோடு அப்படியே பெயர்ந்து வரும். பெயர்ந்த இடம் வழவழப்பாக இருந்தால் கீறிவிடாமல், குழம்பு தடவாமல் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அல்லது உடம்பு உலர்ந்த பிறகு ஈரமான உறுப்பை ஒட்டியிருக்கிறார்கள். உடம்பு ஏற்கெனவே சுருங்கி முடித்துவிட்டது, ஒட்டிய உறுப்பு இனிமேல்தான் சுருங்க வேண்டும். இரண்டும் எப்படிச் சேர்ந்திருக்கும்?

கடைசி வகை ஏமாற்றுவது. சூளை நன்றாக வந்து, புரவி கணீரென்று ஒலித்து, சில நாட்கள் கழித்துத் தோலில் சிறு சில்லுகள் தெறிக்கத் தொடங்கும். ஒவ்வொரு குழியின் நடுவிலும் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். மண்ணில் கலந்திருந்த சுக்கான்கல் அது. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, மேலிருக்கும் மண்ணைத் தள்ளுகிறது. இதற்குச் சூளையையோ உலர்த்தலையோ குறை சொல்லிப் பயனில்லை. மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் வடிக்காததுதான் காரணம். அந்த மண்ணிலேயே சுட்டாகிவிட்டது என்றால் ஒரு வழி இருக்கிறது. சூளையிலிருந்து எடுத்து நன்றாக ஆறியதும், காற்று ஈரம் குடிக்க விடாமல், உடனே தொட்டி நீரில் முழுக்க நனையப் போடுங்கள். செங்கல் சூளைகளிலும் கையாளும் முறை இது. எல்லாவற்றையும் காப்பாற்றாது, சிறு துணுக்குகளாக இருந்தால் பெருமளவு காப்பாற்றும்.

மறுசூளை ஏன் உதவாது

பழகத் தொடங்கும் எல்லோருக்கும் வரும் எண்ணம், விரிசலில் பச்சை மண்ணை அப்பி மறுபடி சூளையில் வைத்தால் சேர்ந்துவிடாதா என்பது. சேராது. பச்சை மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும். சுட்ட மண் இனிச் சுருங்காது. அப்பியது தனியாகச் சுருங்கி, ஓரம் விட்டு, கையோடு வந்துவிடும். அப்பாமல் வெறுமனே மறுபடி ஏற்றினால் இன்னும் மோசம். விரிசலின் முனை என்பது விசை முழுவதும் வந்து குவியும் இடம். சூடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த முனை சற்று முன்னேறும்.

கண்ணாடியில் இது வேறு மாதிரி. புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2023-இல் தொடங்கிய அகழாய்வில் கண்ணாடி மணிகளும் வளையல் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஆக, உருக்கிய கண்ணாடி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இப்போது சிலர் சிறு மின்சூளை வாங்கி, கண்ணாடித் துண்டுகளை அடுக்கி உருக்கிச் சேர்த்துத் தட்டும் தகடும் செய்கிறார்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உருகிச் சேர்ந்த கண்ணாடியில் விரிசல் வந்தால் அதை மறுபடி சூளையேற்றிச் சேர்க்க முடியும், ஏனென்றால் கண்ணாடி இளகி ஓடும், மண் இளகாது. சன்னல் கண்ணாடி என்றால் 800 டிகிரியைத் தாண்டியதும் விரிசலின் இரு கரையும் இளகி ஒன்றாகும். தழும்பு தெரியலாம், ஆனால் சேர்ந்துவிடும்.

அங்கேயும் விரிசலின் ஓரத்தைப் படிப்பதுதான் முதல் வேலை. ஓரம் உருண்டு மழுங்கியிருந்தால் சூடு ஏறும்போது உடைந்தது. அடுத்த முறை 500 டிகிரி வரை இன்னும் மெதுவாக ஏற்றுங்கள். உடைந்த துண்டை ஏற்றும்போது முழுத் துண்டைவிட நிதானம் தேவை. ஓரம் கூர்மையாக இருந்தால் ஆறும்போது உடைந்தது. 550 டிகிரிக்குப் பக்கத்தில் போதிய நேரம் நிறுத்தி வைத்து, அதன் பிறகும் மெதுவாக இறக்க வேண்டும். தடிமன் கூடினால் நேரம் பல மடங்கு கூடும். அமெரிக்காவில் கார்னிங் தொழிற்சாலை பாலமர் தொலைநோக்கிக்காக 1934-இல் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டை ஆற வைக்கவே ஏறத்தாழ 10 மாதம் எடுத்துக்கொண்டார்கள். வெவ்வேறு வகைக் கண்ணாடியைச் சேர்த்ததால் வந்த விரிசலுக்கு மட்டும் மருந்தே இல்லை. இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கும். எத்தனை முறை ஏற்றினாலும் சேர்ந்த கோட்டை ஒட்டி மறுபடி பிளக்கும். பீர் பாட்டிலையும் சன்னல் கண்ணாடியையும் ஒன்றாக அடுக்காதீர்கள்.

மண்ணுக்குத் திரும்புவோம். சுட்ட மண்ணை மறுசூளையில் ஏற்ற ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு: விரிசல் இல்லாமல், வேகாமல் இருப்பது. நீர் விட்டுத் தேய்த்தபோது சேறு வந்ததே, அந்தப் புரவிதான் அது. அதைத் தாராளமாக மறுபடி ஏற்றலாம். அதனால்தான் அதை நல்ல செய்தி என்றேன்.

பச்சையில் கண்டால்

சூளைக்கு முன்பே விரிசலைக் கண்டுவிட்டால் நீங்கள் பிழைத்தீர்கள். மண் இன்னும் தோல் பதத்தில், அதாவது அழுத்தினால் நகக்கீறல் விழுகிற, ஆனால் உருக்குலையாத பதத்தில் இருந்தால், விரிசலை மூடாமல் முதலில் திறங்கள். மூங்கில் சிம்பால் அடிவரை கீறி, வாயை அகலமாக்கி, உள்ளே ஈரம் தடவி, அதே மண்ணைச் சற்று இறுக்கமாகப் பிசைந்து அடியிலிருந்து அழுத்தி நிரப்புங்கள். மேலே ஈரவிரலால் வழித்து மறைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது ஒரு நாள் தாங்கும், சூளையில் திரும்பி வரும். நிரப்பிய பிறகு குழவிக்கல்லை உள்ளே பிடித்து, வெளியிலிருந்து தட்டுப்பலகையால் லேசாகத் தட்டி இறுக்கிவிட்டு, அந்த இடத்தை மட்டும் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். ஒட்டிய இடமும் சுற்றியிருக்கும் இடமும் ஒரே வேகத்தில் உலர வேண்டும்.

முழுக்க உலர்ந்த பிறகு கண்ட சிறு கீறலுக்கு, அதே மண்ணின் உலர்ந்த பொடியோடு நுணுக்கிய ஓட்டுத்தூளைச் சமமாகக் கலந்து, நீருக்குப் பதிலாகக் காடி விட்டுக் குழைத்துத் திணிக்கலாம். ஓட்டுத்தூள் ஏற்கெனவே சுட்டதால் சுருங்காது; கலவையின் சுருக்கம் அந்த அளவு குறைகிறது. இது அலங்காரப் பகுதிக்குப் போதும். எடை தாங்கும் காலில் குறுக்கே விரிசல் என்றால் இரக்கம் பார்க்காதீர்கள். காலை உடைத்து நீரில் ஊறப்போட்டு, புதிதாகச் செய்யுங்கள். பச்சை மண்ணை உடைப்பதில் எந்த நட்டமும் இல்லை, ஊறினால் அது மறுபடி மண்தான். சுட்ட பிறகு உடைப்பதுதான் நட்டம்.

உலர்த்தும் நாட்கள்

இந்தப் பகுதியைத்தான் நீங்கள் மறுபடி மறுபடி புரட்ட வேண்டும்.

களிமண் உலரும்போது சுருங்குகிறது. எவ்வளவு என்று உங்கள் மண்ணை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒரு கண்மாய் மண் இன்னொன்றைப்போல் இருக்காது. விரல் கனத்தில் ஒரு தட்டு தட்டி, ஈரத்திலேயே அதன்மேல் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கிழியுங்கள். முழுக்க உலர்ந்ததும் அளந்தால் 9.2 இருக்கிறதா? சுருக்கம் 8 சதவீதம். சிறு சட்டிக்கு அது பரவாயில்லை. மூன்று நான்கு அடிப் புரவிக்கு அதிகம். மணல், உமி, ஓட்டுத்தூள் மூன்றில் ஒன்றையோ மூன்றையுமோ கூட்டி 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தொடங்க, வடித்த கண்மாய் மண் இரண்டு பங்கும் மணற்பாங்கான மண் ஒரு பங்கும் எடுத்து, உமியைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துச் சோதியுங்கள். உமி சூளையில் எரிந்து நுண்துளைகளை விட்டுப் போகும். ஆவி அந்த வழியில் வெளியேறும். உமி அளவுக்கு மீறினால் சுட்ட மண் நொறுங்கும்.

மண் எடுக்க வட்டாட்சியரிடம் விண்ணப்பியுங்கள். மண்பாண்டத் தொழிலாளர்கள் கண்மாய், ஏரிகளில் கட்டணமின்றி மண் எடுக்க அவரே அனுமதி தரும் வகையில் 2024-இல் விதியை எளிமையாக்கியிருக்கிறார்கள்.

சுருங்குவது தவறில்லை, ஒரு பக்கம் முந்திச் சுருங்குவதுதான் தவறு. நம் மாவட்டத்தில் அதற்கு முதல் காரணம் காற்று. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வறண்டு வீசும். திறந்த கொட்டகையில் நிற்கும் புரவியின் ஒரு விலா வெளுத்திருக்க, மறு விலா கறுத்து ஈரமாகவே நிற்கும். வெளுத்த பக்கம் சுருங்கப் பார்க்கிறது, ஈரப் பக்கம் விட மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் முதுகெலும்பு நெடுகக் கீறல் விழுகிறது. காற்று வரும் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுங்கள். விளிம்பு, காது, வால்நுனி, கால்குளம்பு இவை மெல்லியவை, முந்தி உலரும். அவற்றைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வையுங்கள். கனமான தோள், தொடைப் பகுதிகளைத் திறந்து விடுங்கள். அய்ப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு நேர் எதிர்ச் சிக்கல்: மேலே காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே ஈரம் போயிருக்காது. அந்த மாதங்களில் பெரிய புரவி தொடங்காதீர்கள் என்பதே என் கருத்து.

கால்களைத் தரையில் நேராக நிறுத்தாமல் அடியில் மணல் பரப்புங்கள். புரவி சுருங்கும்போது நான்கு கால்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகரப் பார்க்கும். மணல் இருந்தால் உருண்டு இடம் கொடுக்கும். சொரசொரப்பான தரை பிடித்துக்கொண்டால் கால் வயிற்றோடு சேரும் இடத்தில் விட்டுப்போகும். இளங்குடிப்பட்டியில் பார்த்த முறிவுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலர்ந்துவிட்டதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். புறங்கையையோ கன்னத்தையோ வயிற்றுப் பகுதியில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. தூக்கக்கூடிய அளவு என்றால் தராசில் நிறுத்து, நாளுக்கு நாள் எடை குறைவது நின்றுவிட்டதா என்று பாருங்கள். இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

தீ

சூளை அடுக்கும் முறையை முந்தைய அத்தியாயத்தில் பார்த்துவிட்டதால் இங்கே விரிசலுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். முதலில் மூட்டம். வரட்டியும் சுள்ளியும் வைத்துப் புகையும் அளவுக்கு மட்டும் தீ. சிறு புரவிக்கு ஓர் இரவு, பெரியதற்கு இன்னும் கூட. நன்றாக உலர்ந்த மண்ணிலும் காற்றிலிருந்து இழுத்த ஈரம் இருக்கும். அது போய்விட்டதா என்று அறிய எவர்சில்வர் டம்ளர் போதும். சூளையின் புகைவாயருகே குளிர்ந்த டம்ளரை ஒரு கணம் காட்டி எடுங்கள். அதன்மேல் முத்து முத்தாக நீர் படிந்தால் ஆவி இன்னும் வந்துகொண்டிருக்கிறது, விறகைக் கூட்டாதீர்கள். டம்ளர் உலர்ந்தே திரும்பினால் தீயை ஏற்றலாம்.

அடுத்த ஆபத்து 450 முதல் 600 டிகிரி வரை. களிமண்ணின் மூலக்கூறிலேயே கட்டுண்டிருக்கும் நீர் இந்தச் சூட்டில்தான் வெளியேறுகிறது. தூய வெண்களியில் அது எடையில் ஏறத்தாழ 14 சதவீதம். கண்மாய் மண்ணில் குறைவுதான், என்றாலும் வெளியேற நேரம் வேண்டும். இதே எல்லைக்குள் 573 டிகிரியில் மண்ணில் கலந்த மணலின் படிகம் உருமாறிச் சட்டென்று பருக்கிறது. ஆறும்போது அதே 573-இல் சட்டென்று சுருங்குகிறது. நாம் சுருக்கத்தைக் குறைக்கச் சேர்த்த மணல்தான் இது. அதனால் மணலையும் அளவோடுதான் சேர்க்க வேண்டும். இருட்டில் பார்த்தால் சூளைக்குள் மங்கிய சிவப்பு முதன்முதலில் தெரியத் தொடங்குவது இந்தச் சூட்டில். அந்தச் சிவப்பு தெரிகிற நேரம் பொறுமையாக இருங்கள். அதைத் தாண்டி நல்ல சிவப்பு ஏறியதும் வேகம் கூட்டலாம். 800, 850 டிகிரிக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு வரும். அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தினால் நம் மண் வெந்துவிடும். கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்ணை நம்பிப் பழகியவர்களும் ஒன்று வாங்கி வையுங்கள். கண் சொல்வதும் அது சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பதே ஒரு படிப்பு.

விறகில் ஒரு வார்த்தை. சீமைக்கருவேல் நின்று எரியும், கடைசிக் கட்டத்துக்கு நல்லது. தைலமரச் சுள்ளியும் பட்டையும் சட்டென்று பற்றி எரிந்து போகும், சூட்டை ஏற்றி இறக்கி ஆட்டும். முதல் கட்டத்தில் அதைத் தவிருங்கள். ஆதனக்கோட்டை, ஆலங்குடிப் பக்கம் முந்திரித்தோடு கிடைக்கிறது என்று அள்ளிப்போட வேண்டாம். அதன் எண்ணெய் அனல் தாறுமாறாக எரியும், புகை கண்ணையும் மூச்சையும் தாக்கும்.

சூளைக்கு மேலே பூசிய சேற்றில் வெடிப்பு விழுந்தால் உடனே அடையுங்கள். அந்த வழியாகக் குளிர்ந்த காற்று ஒரே இடத்தில் இறங்கினால் கூர்மையான விரிசல் நிச்சயம். தீ அணைந்த பிறகு எல்லா வாயையும் அடைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். உள்ளே வைத்ததை வெறுங்கையால் தொட முடிகிற வரை திறக்கக் கூடாது. கோடை மழை வரும் மாதமென்றால் தகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சுட்ட பிறகு

எடை தாங்காத இடத்தில் மயிர்க்கோடு மட்டும் என்றால், நன்றாகச் சலித்த செங்கல் தூளும் நீற்றுச் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்து, விரிசலை நனைத்துவிட்டுத் திணியுங்கள். பழைய கட்டடக்காரர்களின் சாந்து இதுதான். சுட்ட மண்ணைப்போலவே ஈரத்தை இழுத்து விடும், அதோடு சண்டை போடாது. சில நாள் ஈரத்துணி போட்டு வையுங்கள். சிமெண்ட் வேண்டாம். அது சுட்ட மண்ணைவிடக் கடினம். வெயிலிலும் மழையிலும் இரண்டும் வேறு வேறாக நடந்துகொள்ளும், கடைசியில் சிமெண்ட் நிற்கும், அதைச் சுற்றியுள்ள மண் உதிரும். எபாக்சி பசை வீட்டுக்குள் வைக்கும் பொம்மைக்கு ஆகும், வெட்டவெளிக் கோயிலின் வெயிலில் அதை நம்பாதீர்கள். காலுக்குள் இரும்புக் கம்பி விட்டுக் கான்கிரீட் ஊற்றுவதைச் சில இடங்களில் செய்கிறார்கள். இரும்பு துருப்பிடித்துப் பருக்கும்போது காலையே பிளந்துவிடும்.

கழுத்தைச் சுற்றியோ காலின் குறுக்கேயோ ஓடிய விரிசல் என்றால் அந்தப் புரவி தலைச்சுமையிலும் தோளிலும் ஊர்வலம் போகக் கூடாது. வழியில் முறிந்தால் கீழே இருப்பவர் மேல் விழும். உடைத்து, இடித்து, சலித்து ஓட்டுத்தூளாக வையுங்கள். அடுத்த புரவிக்கு அது நல்ல உரம்.

அடைத்த விரிசலின் மேல் வண்ணம் பூசினால் யாருக்கும் தெரியாது. அதனாலேயே இதைச் சொல்லியாக வேண்டும்: கோயிலுக்குப் போகும் புரவியில் அடைப்பு இருந்தால் நேர்ந்துகொண்ட குடும்பத்திடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். பின்னமானதை ஏற்பதா வேண்டாமா என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு, நம்முடையதல்ல. பல அய்யனார் கோயில்களில் பூசை வைப்பவரும் வேளார்தான். செய்தவரும் பூசாரியும் ஒருவரே ஆகும்போது இந்த நேர்மை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இனி ஊர்ப் பெரியவர்களுக்கும் விழாக் குழுவுக்கும். புரவி எடுப்புக்கு வேளாரிடம் பிடிமண் கொடுத்து, அதன் பிறகே வேலை தொடங்குவது நம் வழக்கம். அந்தப் பிடிமண்ணைக் கொடுக்கும் நாள்தான் உலர்த்தும் நாட்களை முடிவு செய்கிறது. மண் பிசைய, கால் எழுப்ப, உடம்பு ஏற்ற, தலை வைக்க, சுட, வண்ணம் பூச என்று எதிலும் நாள் குறைக்க முடியாது. குறைக்க முடிவது உலர்த்துவதில் மட்டும்தான். தாமதமாகப் பிடிமண் கொடுத்துவிட்டு, ஈரம் போகாத புரவியைச் சூளையில் ஏற்ற வைத்துவிட்டு, வெடித்த பிறகு சாமி குற்றம் என்று பேசுவது நியாயமில்லை. பெரிய புரவிக்கு மூன்று மாதத்துக்கு முன்பே பிடிமண் கொடுங்கள், இரண்டு மாதத்துக்குக் குறையாமலாவது கொடுங்கள். கொடுக்கும்போதே முன்பணத்தில் பாதியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். விறகு, வரட்டி, உமி எல்லாம் அன்றைக்கே வாங்க வேண்டியவை.